வண்டு வெளியில இருந்து வரல, மூட்டைக்குள்ளயே இருக்கு

வணக்கம் மக்களே. கையில இருக்கிறது பச்சைப்பயறு. கேமராவுக்குக் கிட்ட கொண்டு வர்றேன், தோல் மேல பாருங்க. குட்டியா வெள்ளைப் புள்ளி தெரியுதா? துடைச்சா போகாது. பயறு வண்டு ஒட்டிட்டுப் போன முட்டை இது. காய் செடியில முத்தும்போதே காய் மேலயும் முட்டை வச்சிடும். புழு பொரிஞ்சதும் நேரா பயறுக்குள்ள துளைச்சுப் போயிடும். நல்லா புடைச்சுக் கட்டின மூட்டை ஒரு மாசத்துல ஓட்டை ஓட்டையா ஆகுறது இதனாலதான். அரிசி, கோதுமையில வர்ற கூன்வண்டு இன்னும் கில்லாடி. மணியைக் குடைஞ்சு உள்ள முட்டை வச்சு, ஓட்டையையும் பூசி மூடிடும்.

அதனால மேல நாலு வேப்பிலை போட்டா வேலை முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. முதல்ல நல்லா காய வைக்கணும். தானியத்துக்கு ஈரப்பதம் 12 சதவீதத்துக்குள்ள, பயறுக்கு 9, 10 இருக்கணும். மீட்டர் இல்லையா? ஈரமே இல்லாத கண்ணாடி பாட்டில்ல கால்வாசி தானியம், ரெண்டு மூணு ஸ்பூன் காய்ஞ்ச தூள் உப்பு போட்டு ஒரு நிமிஷம் குலுக்குங்க. 15 நிமிஷம் விட்டுப் பாருங்க. கண்ணாடியில உப்பு ஒட்டுச்சுன்னா ஈரம் 15 சதவீதத்துக்கு மேல. ஒட்டலன்னாலும் உடனே மூட்டை கட்டாதீங்க, இன்னும் காய வைங்க. பல்லுல கடிச்சா நசுங்கக் கூடாது, ‘கடக்’குனு உடையணும்.

இங்கதான் நிறைய பேர் சொதப்புறாங்க: வெயில்ல இருந்து எடுத்த சூட்டோட கட்டிடுவாங்க. உள்ள வேர்த்து, பூஞ்சை பிடிச்சு, கட்டி கட்டியா ஆகிடும். நிழல்ல பரப்பி நல்லா ஆற விடுங்க.

பழைய சாக்குன்னா உள்பக்கம் வெளிய திருப்பி, கொதிநீர்ல முக்கிக் காய வைங்க. தையல் மடிப்புலதான் போன வருஷத்து வண்டு ஒளிஞ்சிருக்கும். பழைய தானியத்தோட புதுசைக் கலக்கவே கலக்காதீங்க.

சாப்பாட்டுப் பயறுக்கு கிலோவுக்கு 5 மில்லி சமையல் எண்ணெய் போட்டுப் பிசறலாம். முட்டைக்குக் காத்து போகாது. ஏற்கெனவே உள்ள போன புழுவை இது பெருசா ஒண்ணும் பண்ணாது.

அதுக்குக் காத்து புகாத பைதான் சரி. விளிம்பு வரைக்கும் நிரப்பி, காத்தை அமுக்கி வெளியேத்தி, வாயை முறுக்கி மடக்கிக் கட்டுங்க. பூச்சியே உள்ள இருக்கிற ஆக்சிஜனைத் தீர்த்துட்டு அடங்கிடும். பாதி காலியா விட்டாலோ, நாலு நாளைக்கு ஒருதரம் திறந்தாலோ மறுபடி உயிர் வந்துடும். எடுத்துப் புழங்குறதைத் தனியா சின்ன டப்பாவுல வைங்க.

தானியப் பூச்சியைக் கொல்ல வைக்கிற அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை மட்டும் வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க. காத்துல இருக்கிற ஈரம் பட்டாலே விஷ வாயு வரும். ஆளையே கொன்னுடும்.