டின்னின் முதுகில் எழுதியிருப்பது

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஓர் ஆலய மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

விடியுமுன் ரப்பர் பால்மரம் வெட்டப் போவதற்கு டின்பால் ஊற்றிய தேநீரோடு பசியாறிய குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் நாம். ஆகவே அந்த டின்னிலிருந்தே தொடங்குகிறேன். உணவில் சேர்ந்தவற்றை, எடையில் மிகுந்தது முதலாக வரிசைப்படுத்தி எழுத வேண்டும் என்பது சட்டம். நம் கடைகளில் 'கிரீமர் மானிஸ்' (இனிப்புக் கிரீமர்) என்று விற்கும் டின்கள் பலவற்றில் முதலில் நிற்கும் பெயர் 'கூலா', அதாவது சீனி. சற்றுத் தள்ளி 'மிஞாக் சாவிட்' என்றும் இருக்கும். நாமே குலை வெட்டி அனுப்பும் செம்பனையின் எண்ணெய், பாற்கொழுப்பின் இடத்தில் அமர்ந்து நம் குவளைக்கே திரும்பி வருகிறது. நாமோ அதைப் பால் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளில் 2003இல் வந்த திருத்தம், ரொட்டி, பால், குளிர்பானம் முதலிய பல பொருள்களுக்குச் சத்து விவர அட்டவணையைக் கட்டாயமாக்கியது. அது நம் கூடையை மாற்றியதா என்றால், ஓரளவே என்பேன். தடையாக நிற்பது எழுத்தறிவின்மை அன்று, கணக்கு. 100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் சீனி என்பது சிறிய எண்ணாகத் தோன்றும். ஆனால் அரை லிட்டர் புட்டியைத் திறந்தவர் முழுவதையும் குடித்து முடிக்கிறார். அது 50 கிராம், பன்னிரண்டு தேக்கரண்டிக்கும் மேல். நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த உச்சவரம்பு அந்த ஒரு புட்டியிலேயே தீர்ந்துவிடுகிறது. இடுப்பில் பிள்ளையோடு கடை வரிசையில் நிற்கும் தாய் இந்தப் பெருக்கலைச் செய்வாள் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

சிலி நாட்டினர் அந்தச் சுமையை நீக்கினார்கள். 2016 முதல், சீனியோ உப்போ மிகுந்த பொருளின் முகப்பிலேயே கறுப்பு எண்கோண முத்திரை இடப்பட்டது. முத்திரை பெறும் இனிப்புப் பானங்களின் கொள்முதல் ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. விளம்பரக் கட்டுப்பாடும் பள்ளிகளில் விற்பனைத் தடையும் உடன் வந்தமையால், முழுப் பெருமையையும் முத்திரைக்கே நான் தரமாட்டேன். இங்கே 2017இல் வந்த ஆரோக்கியத் தேர்வுச் சின்னம் வேறு வகையானது. பிஸ்கட்டில் அது இருந்தால், மற்றப் பிஸ்கட்டுகளைவிட மேல் என்பதே பொருள்; பொட்டலத்தைக் காலி செய்யலாம் என்பதன்று.

அட்டவணையின் பெரிய பயன் வாங்குபவரிடம் அன்று, தயாரிப்பவரிடமே விளைகிறது என்று நான் கருதுகிறேன். 2019 ஜூலை முதல், 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சீனியுள்ள குளிர்பானங்களுக்கு வரி உண்டு. அந்தக் கோட்டுக்குள் நிற்பதற்காக ஆலையில் சீனியைக் குறைத்தால், அட்டவணையை ஒருநாளும் பார்க்காத தாத்தாவுக்கும் அந்த நன்மை போய்ச் சேரும்.

தேநீர்க் கடைக் குவளைக்கு மட்டும் எந்த அட்டவணையும் கிடையாது. இனிப்பு நீர் (நீரிழிவு) இல்லாத வீடே அரிதாகிவிட்ட நம்மிடையே, 'கூராங் மானிஸ்', அதாவது இனிப்புக் குறைவாக, என்று கேட்கக் கூச்சப்படுவோர் இன்னும் இருப்பது எனக்கு வியப்பே.

மேடையோரம் ஐந்து டின்களை வைத்திருக்கிறேன். நான்காம் ஆண்டு படிக்கும் பிள்ளைகள் முன்னே வந்து, ஒவ்வொன்றிலும் முதலில் எழுதியுள்ள பெயரைத் தம் பாட்டிக்குக் கேட்கும்படி உரக்கப் படிக்கட்டும்.