நம்பி ஒப்படைக்கும் வேலை

அன்பார்ந்த நேயர்களே, வணக்கம்.

நம் இளையர்கள் அன்றாடம் எடுக்கும் சின்னச் சின்ன முடிவுகளிலிருந்தும், அவர்கள் பங்கெடுக்கும் சமூக நடவடிக்கைகளிலிருந்தும் எதைக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதைப் பற்றிப் பேசுமாறு நிலையத்தார் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். சமூக மன்றத்தின் இந்திய நற்பணிச் செயற்குழுவிலும், நான் குடியிருக்கும் வட்டாரத்தின் வசிப்போர் குழுவிலும் நெடுங்காலமாக இளையர்களோடு சேர்ந்து தொண்டூழியம் செய்துவருகிறேன். அந்த அனுபவத்தில் எனக்கு உறுதிப்பட்ட கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தன்னை நம்பி ஒருவர் இருக்கிறார், தான் செய்யாவிட்டால் இந்த வேலை நடக்காது என்பதை ஓர் இளையர் உணர்கிற இடத்தில்தான் அவர் கற்கத் தொடங்குகிறார். மற்ற இடங்களில் அவர் வந்து போகிறார், அவ்வளவுதான்.

எல்லாரும் அறிந்த ஒன்றை முதலில் எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரின் உணவங்காடி நிலையங்களில் சாப்பிட்டு முடித்தவர்கள் தட்டையும் பாத்திரங்களையும் தாமே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்ற விதி 2021ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி முதல் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்பட்டது. 2022ஆம் ஆண்டு ஜனவரியிலிருந்து காப்பிக் கடைகளிலும் அது நடப்புக்கு வந்தது. மீறுவோருக்கு முதலில் எழுத்துவழி எச்சரிக்கை, மீண்டும் மீறினால் 300 வெள்ளி அபராதம். இன்று உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு அபராதம் பற்றிய நினைப்பே இல்லாமல் தட்டைத் தூக்கிச் செல்லும் பழக்கம் வந்துவிட்டது. இதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி உண்டு. ஆனால் அதே மேசையில் சிந்திக் கிடக்கும் குழம்பைக் கவனியுங்கள். தட்டையும் குப்பையையும் எடுக்கச் சொல்லும் விதி, குழம்பைத் துடைக்கச் சொல்லவில்லை. துடைத்துவிட்டுப் போவதா, அப்படியே விட்டுவிட்டுப் போவதா என்பதை அந்தப் பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும். அடுத்து அந்த மேசைக்குத் துணியோடு வரப்போகிறவர் பல நேரங்களில் தம் பாட்டியின் வயதில் இருக்கும் ஒருவர் என்பது கண்ணில் பட்ட பிள்ளை துடைக்கிறது. கண்ணில் படாத பிள்ளை எழுந்து போய்விடுகிறது. பள்ளிகளிலும் 2017ஆம் ஆண்டு முதல் மாணவர்கள் தினமும் சில நிமிடங்கள் தங்கள் வகுப்பறையையும் உணவகத்தையும் தாமே சுத்தம் செய்கிறார்கள். அதுவும் நல்ல ஏற்பாடுதான். இருந்தாலும், இன்னொருவரின் உழைப்பைக் காணும் கண் வந்துவிட்டதா என்பது துடைப்பத்தைக் கையில் கொடுத்துவிடுவதாலேயே தெரிந்துவிடாது.

சமூக சேவைக்கு வருவோம். நம் பள்ளிகளில் 1997ஆம் ஆண்டு சமூக ஈடுபாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டபோது, ஒவ்வொரு மாணவரும் ஆண்டுக்குக் குறைந்தது 6 மணி நேரமாவது சேவை செய்ய வேண்டும் என்று வரையறுத்தார்கள். 2012ஆம் ஆண்டு அந்தத் திட்டத்தின் பெயரும் நோக்கும் மாறின. மாணவர் தாம் செய்த சேவையிலிருந்து எதை உணர்ந்தார் என்பதற்கு அதிக இடம் கொடுக்கப்பட்டது. மணிக்கணக்கு மட்டும் முற்றிலும் மறையவில்லை. உயர்நிலைப் பள்ளி மாணவரின் இணைப்பாட நடவடிக்கைப் பதிவில் சேவை நேரம் இன்னும் இடம்பெறுகிறது, உயர்கல்விச் சேர்க்கையில் சலுகைப் புள்ளி பெறவும் அந்தப் பதிவு கைகொடுக்கிறது. இதனால் பெற்றோர் சிலர் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, “இதற்கு எத்தனை மணி நேரம் போடுவீர்கள்?” என்பதாகவே இருக்கிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளையின் எதிர்காலம் குறித்த கவலையில்தான் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்வியோடு வருகிற பிள்ளை, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே நிற்கிறது என்பதையும் நான் சொல்லத்தான் வேண்டும்.

அப்படி வந்த பிள்ளைகள் மாறியதையும் பார்த்திருக்கிறேன். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை பக்தர்கள் பால்குடமும் காவடியும் ஏந்தி நடந்து செல்கிறார்கள். அந்தப் பாதையில் தண்ணீர்ப் பந்தலில் நிற்கும் இளையருக்கு முதலில் சொல்லித்தருவது கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றுவதைத்தான். அது யாருக்கும் எளிது. ஊர்வலம் நெருங்கி வர வர, வேலையின் மறுபக்கம் தெரிகிறது. காவடி எடுப்பவர் வெறுங்காலோடு வருகிறார். நாவில் அலகு குத்தியிருக்கும் ஒருவரிடம் கிண்ணத்தை நீட்டினால் அவரால் வாங்கிக் குடிக்க முடியாது, கூட வருகிற அண்ணனிடமோ மாமாவிடமோதான் கேட்க வேண்டும். அவர் தலையசைத்தால் காலில் சிறிது தண்ணீர் ஊற்றலாம், இல்லையென்றால் விலகி வழிவிட வேண்டும். பந்தலுக்கு முன்னால் தரையில் தண்ணீர் சிந்திச் சிந்தி வழுக்கத் தொடங்கும். யாரோ வீசிய காகிதக் கிண்ணங்கள் அந்த ஈரத்தில் ஒட்டிக் கிடக்கும். தோளில் கனத்த காவடியோடு வருபவருக்குக் கீழே குனிந்து பார்க்க வழியில்லை. ஆகவே அடுத்த காவடி வருவதற்குள் யாராவது ஒருவர் அந்த இடத்தைக் கூட்டித் துடைத்தாக வேண்டும். யாரும் சொல்லாமலே துடைப்பத்தை எடுத்துக்கொண்ட ஒரு பையனை எனக்குத் தெரியும். வரும்போது எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று கேட்டவர். காலையில் வேறொருவர் வந்து மாற்றிவிடும்வரை அந்த இடத்தைவிட்டு அவர் நகரவில்லை. பொறுப்பு என்றால் என்ன என்று எவரும் அவருக்கு விளக்கவில்லை. வெறுங்காலொன்று அந்த ஈரத்தை நோக்கி வருவதை அவரே பார்த்தார், அது போதுமாக இருந்தது.

அந்தப் பொறுப்பு எப்போதும் உடலுழைப்பாகவே வரும் என்பதில்லை. எங்கள் வட்டாரத்தில் தனியாக வாழும் மூத்தோரை அவ்வப்போது வீடு வீடாகச் சென்று பார்ப்போம். 2030ஆம் ஆண்டுவாக்கில் சிங்கப்பூர்க் குடிமக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 65 அல்லது அதற்கு மேற்பட்ட வயதில் இருப்பார் என்று கணித்திருக்கிறார்கள். அந்தக் கணிப்பு நடைபாதையில் எப்படித் தோன்றும் என்பதை இந்தப் பிள்ளைகள் இப்போதே பார்க்கிறார்கள். ஒருமுறை ஓரறை வீட்டில் இருந்த பாட்டி ஒருவர், எங்களோடு வந்த பதினாறு வயதுப் பெண்ணிடம் பலதுறை மருந்தகத்திலிருந்து வந்த கடிதத்தை நீட்டி, “இதுல என்னம்மா எழுதியிருக்கு?” என்று கேட்டார். ஆங்கிலத்தில் எழுதியிருந்த அந்தக் கடிதத்தைப் படித்துப் புரிந்துகொள்ள அந்தப் பெண்ணுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. சொல்லத்தான் முடியவில்லை. ரத்தப் பரிசோதனைக்கு முந்தின இரவு எத்தனை மணிக்குமேல் எதுவும் சாப்பிடக்கூடாது, தண்ணீர் மட்டும் குடிக்கலாம், அன்று காலை மாத்திரையைப் போடாமல் கையோடு கொண்டுவர வேண்டும் என்ற மூன்று செய்திகளையும் பாட்டிக்குப் புரியும்படி தமிழில் சொல்வதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது. சொல்லி முடித்த பிறகு, “நான் சொன்னது சரியா விளங்கிச்சா பாட்டி? ஒருமுறை திருப்பிச் சொல்லுங்க” என்று கேட்டாரே, அந்த இடத்தில் எனக்கு அவர்மேல் பெரும் மதிப்பு உண்டாயிற்று. தவறாகச் சொல்லியிருந்தால் பாட்டிக்குத்தான் பாதிப்பு என்பதை அவர் அதற்குள் உணர்ந்துவிட்டிருந்தார்.

மொழியைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல அனுமதியுங்கள், ஏனெனில் இதுவும் நாள்தோறும் எடுக்கும் முடிவுதான். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 5 வயதும் அதற்கு மேற்பட்டும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் தமிழை மிகுதியாகப் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர். 2010ஆம் ஆண்டில் அது 3.3 விழுக்காடாக இருந்தது. ஏப்ரல் மாதத்தில் வளர்தமிழ் இயக்கத்தின் ஆதரவோடு நடைபெறும் தமிழ்மொழி விழாவில் நம் பிள்ளைகள் மேடையேறிப் பேசுவதைக் கேட்கும்போது நமக்குப் பெருமையாக இருக்கிறது. மற்ற மாதங்களில், சாப்பாட்டு மேசையில் தாத்தா தமிழில் கேட்கும் கேள்விக்குப் பேரப்பிள்ளை எந்த மொழியில் பதில் சொல்கிறது என்பதில்தான் அந்த விழுக்காடு அடங்கியிருக்கிறது. கடிதம் படித்துச் சொன்ன அந்தப் பெண் அடுத்த மாதமே தன் வீட்டில் பாட்டியோடு தமிழில் பேசத் தொடங்கிவிட்டதாக அவருடைய தாயார் சொன்னார். தேர்வுக்காகப் படித்த மொழி, இன்னொருவருக்குத் தேவைப்படும் மொழியாக மாறியது என்றே நான் அதைப் புரிந்துகொண்டேன்.

நம் சமூகத்துக்கு இது புதிதன்று. 1935ஆம் ஆண்டு தமிழ் முரசைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி அவர்கள், 1952ஆம் ஆண்டில் தமிழர் திருநாளைக் கொண்டாட வழிவகுத்தார். அதே பத்தாண்டில் மாணவர்களும் இளையர்களும் எழுதிப் பழகுவதற்குத் தம் நாளிதழிலேயே மாணவர் மணிமன்றம் என்று இடம் ஒதுக்கினார். பள்ளிப் பிள்ளைகள் எழுதியதை ஊரார் படிக்கும் நாளிதழில் அச்சேற்றியது சாதாரணச் செயல் அல்ல. பெயரோடு அச்சில் வரப்போகிறது என்று தெரிந்து எழுதும் பிள்ளை, ஒவ்வொரு சொல்லையும் இருமுறை பார்த்திருக்கும். அங்கே எழுதத் தொடங்கியவர்களில் பலர் பிற்காலத்தில் இந்த நாட்டின் தமிழ் எழுத்தாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் அறியப்பட்டார்கள்.

அந்த நம்பிக்கையை இன்று நாம் பெரியவர்கள் போதிய அளவில் கொடுக்கிறோமா என்று எனக்கு ஐயம் உண்டு. பல நிகழ்ச்சிகளில் இளையர்களுக்கு நாம் ஒதுக்கும் வேலை நாற்காலி அடுக்குவது, வருகிறவர்களுக்குச் சந்தனமும் கற்கண்டும் நீட்டுவது, முடிவில் குழுச் சட்டை அணிந்து படத்துக்கு நிற்பது என்ற அளவில் இருக்கிறது. எந்த நாளில் நடத்துவது, எவ்வளவு செலவழிப்பது, யாரை அழைப்பது என்பவற்றை நாமே கூடிப் பேசி முடித்துவிடுகிறோம். பிறகு, இளையர்களுக்கு ஈடுபாடு இல்லை என்று வருந்துகிறோம். முடிவெடுக்கும் இடத்தில் நிற்காதவருக்கு ஈடுபாடு எங்கிருந்து வரும்?

ஓர் ஆண்டு எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் பொங்கல் நிகழ்ச்சியை நடத்தும் பொறுப்பை, செலவுக்கான தொகையோடு சேர்த்து, முழுவதுமாக இளையர் குழுவிடம் விட்டோம். உருமி மேளத்துக்குச் சொல்லியாகிவிட்டது, அண்டை வீட்டு மலாய்க் குடும்பங்களும் சாப்பிடும்படி சமையலுக்கும் ஏற்பாடு செய்தாகிவிட்டது. நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் இருக்கையில் அதே புளோக்கில் ஒரு சீன முதியவர் காலமானார். கீழ்த்தளத்தின் மறுமுனையில் கூடாரம் போட்டு, உடலை வைத்து, உறவினர்கள் இரவும் பகலும் அமர்ந்திருந்தார்கள். நகர மன்றத்தின் அனுமதி இரு தரப்புக்கும் இருந்தது. சட்டப்படி நிகழ்ச்சியை அப்படியே நடத்தலாம். குழுவில் சிலர் அப்படித்தான் சொன்னார்கள், மேளத்துக்குக் கொடுத்த முன்பணம் திரும்பக் கிடைக்காது என்பதும் உண்மைதான். நாங்கள் வாய் திறக்கவில்லை. திறக்காமல் இருப்பது எளிதாக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரவு வெகுநேரம் பேசிய பிறகு, அடுத்த புளோக்கின் கீழ்த்தளத்துக்கு இடம் கேட்டு, மேளத்தை ரத்துசெய்து, கோலமும் பொங்கலும் மட்டும் போதும் என்று முடிவு செய்தார்கள். அதோடு நிற்காமல், குழுவில் இருவர் அந்தக் குடும்பத்தாரிடம் போய் வருத்தம் தெரிவித்து, சனிக்கிழமை காலை அருகில் பிள்ளைகளின் சத்தம் கொஞ்சம் கேட்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்தார்கள். இன நல்லிணக்க நாளை ஆண்டுதோறும் ஜூலை 21ஆம் தேதி பள்ளிகளில் நாம் கடைப்பிடிக்கிறோம், 1964ஆம் ஆண்டு இனக் கலவரத்தை நினைவுகூர்கிறோம். அந்த இரவு அந்தப் பிள்ளைகள் விவாதித்தது அதே பாடத்தைத்தான். ஒரு வேறுபாடு உண்டு: இம்முறை அவர்கள் கையில் பணமும் இருந்தது, இழப்பும் இருந்தது. முன்பணம் போனதற்கு யாரும் அவர்களைக் கண்டிக்கவில்லை. கணக்கில் அதை மறைக்காமல் எழுதி வைக்கச் சொன்னோம், எழுதி வைத்தார்கள்.

பெற்றோர்களுக்கும், எங்களைப்போல் குழுக்களை நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பள்ளி விடுமுறைக்கு உங்கள் பிள்ளைக்கு ஒரு வேலை தேடுகிறீர்கள் என்றால், ஒரே நாளில் தொடங்கி அன்றே முடிந்துவிடுகிற வேலையைவிட, அதே மனிதர்களை அடுத்த வாரமும் சந்திக்க வேண்டியிருக்கிற வேலையாகப் பாருங்கள். சமூக மன்றத்தில் தொடக்கப்பள்ளிப் பிள்ளை ஒருவருக்கு வாரந்தோறும் பாடம் சொல்லித்தரலாம். தேசியப் பூங்காக் கழகம் 2005ஆம் ஆண்டு முதல் ஆதரித்துவரும் சமூகத் தோட்டங்களில் ஒரு பாத்தியைப் பொறுப்பேற்கலாம், விடுமுறையில் நீங்கள் வெளியூர் போனாலும் அந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போக வேண்டியிருக்கும். பதினாறு வயது நிறைந்தவர் என்றால் உங்கள் ஒப்புதலோடு ரத்த தானம் செய்யலாம், முதல் முறை நீங்களும் கூடப் போய்க் கொடுங்கள். வேலை முடிந்து வீட்டுக்கு வருகிற பிள்ளையிடம் எத்தனை மணி நேரம் என்று கேட்பதற்கு முன்னால், இன்று யாரைப் பார்த்தாய், அவர் பெயர் என்ன, அடுத்த வாரம் அவருக்கு என்ன தேவைப்படும் என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் அடுத்த வாரமும் கேளுங்கள்.

இதுவரை பொறுமையோடு கேட்ட நேயர்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம்.