கால்விரலில் தொடங்கும் கராத்தே

வணக்கம் நேயர்களே.

மாலை ஐந்தரைக்குக் கராத்தே வகுப்பு என்றால், ஐந்தே முக்காலுக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிற பெற்றோர் எனக்கு நிறைய உண்டு. கேட்டால், "இன்னும் வார்ம்-அப்தானே மாஸ்டர் ஓடுது, கிளாஸ் ஆரம்பிக்கலையே" என்பார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நாங்களே அதை அப்படித்தான் நடத்துகிறோம். மைதானத்தை நாலு ரவுண்டு ஓடு, கையைச் சுற்று, இடுப்பைச் சுற்று, தண்டால் எடு, முடிந்தது. பள்ளிக்கூட டிரில் பீரியடுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கராத்தே பிறந்த ஒக்கினாவாவில் இதை வேறு மாதிரி யோசித்திருக்கிறார்கள். ஜப்பானின் தெற்குக் கோடியில் இருக்கும் அந்தத் தீவில், நாஹா நகரில் 1888-இல் பிறந்தவர் மியாகி சோஜுன். கோஜு-ரியூ என்ற பாணியை உருவாக்கியவர். தன் பாணிக்கு அவர் வகுத்த பயிற்சி முறையில் முதலில் வருவது ‘ஜுன்பி உண்டோ’. நம்முடைய ‘உண்டோ இல்லையோ’ அல்ல. ஜுன்பி என்றால் ஆயத்தம், உண்டோ என்றால் உடற்பயிற்சி.

இது ஓட்டத்தில் தொடங்குவதில்லை, கால்விரலில் தொடங்குகிறது. இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நில்லுங்கள். குதிகால் தரையில் இருக்கட்டும். பெருவிரலை மட்டும் மேலே தூக்குங்கள், மற்ற நாலு விரலும் தரையை அழுத்த வேண்டும். பிறகு மாற்றி, பெருவிரல் கீழே, நாலும் மேலே. முதல்முறை செய்பவர்களில் பாதிப் பேருக்கு ஐந்தும் சேர்ந்தேதான் எழும்பும். கையால் பிடித்து இழுத்தாலொழிய அந்த விரல் நம் பேச்சைக் கேட்காது.

இது எதற்கு என்று நானும் பல வருஷம் யோசிக்கவில்லை. முன்னுதையில், அதாவது மாயே கேரியில், அடிக்க வேண்டியது விரல்களுக்குக் கீழே இருக்கும் திரட்சியான பகுதி. விரல்கள் பின்னால் மடங்கி விலகிக்கொள்ள வேண்டும். இருபது வயதில் ஒருநாள் வகுப்புக்குப் பிந்தி வந்து, வார்ம்-அப்பை விட்டுவிட்டு நேராகப் போய்த் தொங்கும் பையை உதைத்தேன். விரல் மடங்கவில்லை. மூன்று வாரம் ஷூ போட முடியாமல் ஹவாய்ச் செருப்போடு திரிந்தேன். சான்சின் என்ற கட்டாவிலும், அதாவது வரிசை மாறாமல் தனியாகச் செய்யும் அசைவுத் தொகுப்பிலும், இதே கதைதான். அதில் கால்விரல்கள் தரையைக் கவ்விப் பிடித்து நிற்க வேண்டும். அந்தப் பிடி வரும் இடம் இந்த விரல் பயிற்சி.

அப்புறம் கணுக்கால், முட்டி, இடுப்பு, முதுகு, கடைசியில் கழுத்து என்று கீழிருந்து மேலே போகும். முட்டியைத் தூக்குவது ஒரு உதையின் முதல் பாதி. இப்படி ஒவ்வொரு அசைவுக்குள்ளும் பின்னால் வரப்போகிற ஒரு அடி மெதுவாக ஒளிந்திருக்கிறது. அந்தப் பயிற்சி முறையின் இன்னொரு பகுதி ‘ஹோஜோ உண்டோ’, அதாவது துணைப் பயிற்சி. மரப்பிடியின் ஒரு நுனியில் கல் பொருத்திய சி-இஷியைச் சுழற்றுவார்கள். நம் கர்லாக்கட்டைக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்ஜாடியின் விளிம்பை ஐந்து விரலால் கவ்விப் பிடித்தபடி நடப்பார்கள். பழகப் பழக ஜாடிக்குள் மணலை ஏற்றிக்கொண்டே போவார்கள்.

சரி, பழையது என்பதற்காக எல்லாமே நல்லதா? இல்லை. இரண்டு முட்டியையும் சேர்த்து வைத்து வட்டமாகச் சுற்றுவது பழைய வரிசைகளில் உண்டு. முட்டி பெரும்பாலும் கதவுக்கீல் மாதிரி மடங்கி நீளும் மூட்டு. அதை அழுத்திச் சுற்றவைப்பதை நான் நிறுத்திவிட்டேன். குந்தியபடி முயல் மாதிரி தாவவைப்பதை, முட்டி கெடுகிறது என்று ஜப்பானிலேயே கைவிட்டார்கள். நம் மைதானங்களில் அது இன்னும் தண்டனையாக உயிரோடு இருக்கிறது.

இன்னொன்று, வந்த உடனே பிள்ளையை உட்காரவைத்து, காலை விரித்து, முதுகில் ஏறி அழுத்துவது. தயவுசெய்து வேண்டாம். குளிர்ந்த தசையை அப்படி இழுத்தால் கிழியக்கூடும். ஒரே நிலையில் ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்தால், அந்தத் தசை சட்டென்று சீறிப் பாயும் வேகம் கொஞ்ச நேரத்துக்குக் குறைந்தும் போகும். உதைக்கத்தானே வந்தோம்? நீட்டி இழுப்பதை வகுப்பு முடிந்து, வியர்வையோடு இருக்கும்போது வைத்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் அசைவுதான் வேண்டும். சின்னதாகத் தொடங்கிப் பெரிதாகும் அசைவு. தசை சூடேறும், மூட்டுக்குள் இருக்கும் நீர் பரவும், காலை எவ்வளவு தூக்கலாம் என்று உடம்பே சொல்லும்.

இப்போது என் வகுப்பில் ஒரு ஏற்பாடு. பிந்தி வருகிற பிள்ளை வரிசையில் சேர முடியாது. ஓரமாக நின்று விரலில் தொடங்கிக் கழுத்து வரை முடித்துவிட்டுத்தான் சேரலாம். முதலில் பெற்றோருக்குக் கோபம். போன வாரம் பார்த்தேன், பெஞ்சில் காத்திருந்த ஓர் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுத் தன் பெருவிரலையே முறைத்துக்கொண்டிருந்தார். ஐந்தும் சேர்ந்து எழும்பின. பக்கத்தில் நின்ற மகன், "கையால பிடிச்சு இழும்மா" என்றான்.

நன்றி, வணக்கம்.