கம்ப்யூட்டரைப் போட்டதும் தானாக அடிக்கும் பிரிண்டர்

நேயர்களுக்கு வணக்கம். டர்பனில், சாட்ஸ்வர்த், மெரேபேங்க் பக்கம் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் பழுது பார்ப்பது என் தொழில். கோயில் அலுவலகம், தமிழ்ப் பள்ளி, மூலைக்கடை என்று எங்கே போனாலும் ஒரு புகார் மாறாமல் வருகிறது. "காலையில் கம்ப்யூட்டரைப் போட்டோம், யாரும் எதையும் தொடவில்லை, பிரிண்டர் தானாக அடிக்க ஆரம்பித்துவிட்டது." வைரஸ் என்பார்கள் சிலர். ஒரு கோயிலில் கண் பட்டுவிட்டது என்று பிரிண்டர் மேல் எலுமிச்சம்பழமே வைத்திருந்தார்கள். பழம் இருந்துவிட்டுப் போகட்டும்.

பிரிண்டர் தானாக எதையும் அடிப்பதில்லை. பெரும்பாலும் நேற்று நாம் சொல்லிவிட்டு மறந்ததைத்தான் இன்று செய்கிறது. நாம் பிரிண்ட் கொடுத்ததும் பக்கம் நேரே பிரிண்டருக்குப் போய்விடாது. விண்டோஸில் பிரிண்ட் ஸ்பூலர் என்று ஒரு சர்வீஸ், அதாவது கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் ஓடும் புரோகிராம், உண்டு. அது முதலில் அந்த வேலையை டிஸ்கில் கோப்பாக எழுதிக்கொள்ளும், பிறகுதான் அனுப்பும். டிஸ்கில் எழுதியது கரண்ட் போனாலும் அழியாது. மறுநாள் கம்ப்யூட்டர் எழும்போது ஸ்பூலரும் எழுந்து, பாக்கி வேலையைக் கையில் எடுக்கும்.

நம் ஊரில் இது ஏன் இவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். 2008 தொடக்கத்தில் தென்னாப்பிரிக்கா முழுவதையும் இருட்டாக்கிய லோட் ஷெடிங், அதாவது முறை வைத்துக் கரண்டை நிறுத்துவது, 2023இல் உச்சத்துக்குப் போனது. 2024 மார்ச் கடைசிக்குப் பிறகு பெரும்பாலும் ஓய்ந்திருக்கிறது, ஆனால் கேபிள் திருட்டும் டிரான்ஸ்ஃபார்மர் கோளாறும் ஓயவில்லை. புரட்டாசிக்குப் பூஜை நேர அட்டவணை அடிக்கிறார்கள் என்று வையுங்கள். பாதியில் கரண்ட் போகிறது. இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டர் மட்டும் ஓடுகிறது. காகிதம் வரவில்லையே என்று பட்டனை இன்னும் நாலு தடவை அழுத்துகிறார்கள். அத்தனையும் வரிசையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பாதியில் அறுந்த வேலை இன்னும் மோசம். தொடக்கத்தில் வரும் கட்டளை தொலைந்துபோனால், மிச்சத்தை வெறும் எழுத்து என்று பிரிண்டர் நினைத்துக்கொள்ளும். பக்கத்துக்கு ஒரு வரி, புரியாத குறிகள், தட்டு காலியாகும் வரை. அப்போது பிரிண்டரை அணைத்துப் போட்டுப் பயனில்லை, கம்ப்யூட்டர் மறுபடி அனுப்பும். முதலில் காகிதத் தட்டை உருவிவிடுங்கள். பிறகு கம்ப்யூட்டரில் பிரிண்ட் வரிசையைத் திறந்து, இருப்பதையெல்லாம் ரத்து செய்யுங்கள்.

சில நேரம் 'டிலீட்டிங்' என்று காட்டிக்கொண்டே நிற்கும், போகாது. பேனா இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட் மெனுவில் சர்வீசஸ் என்று தேடித் திறந்து, பிரிண்ட் ஸ்பூலரை ஸ்டாப் செய்யுங்கள். அப்புறம் சி டிரைவ், அதில் விண்டோஸ், அதில் சிஸ்டம்32, அதில் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ். அந்த ஃபோல்டருக்குள் இருக்கும் கோப்புகளை மட்டும் அழியுங்கள், ஃபோல்டரைத் தொடாதீர்கள். திரும்பி வந்து ஸ்பூலரை ஸ்டார்ட் செய்தால் வரிசை சுத்தம். அலுவலகத்தில் பொதுக் கம்ப்யூட்டர் என்றால், மற்றவர்கள் கொடுத்த வேலையும் சேர்ந்து போய்விடும், முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

"ஷட் டவுன் செய்து போட்டும் சரியாகவில்லையே" என்பார்கள். விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. அது ஓடிக்கொண்டிருந்தால், ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் தன் உள்நிலையை டிஸ்கில் சேமித்து, மறுபடி அதையே எடுத்து வைக்கும். சிக்கியதும் கூடவே வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாக ஏறும். விசித்திரம்தான், யார் இப்படி யோசித்தார்களோ!

விண்டோஸே குற்றவாளியாக இருந்ததும் உண்டு. 2025 ஜனவரி கடைசியில் வந்த ஒரு அப்டேட்டுக்குப் பிறகு, யூஎஸ்பியில் இணைத்த சில பிரிண்டர்கள், சுவிட்சைப் போட்டதும் 'போஸ்ட், ஐபிபி, பிரிண்ட்' என்று தொடங்கும் வரிகளை அடித்துத் தள்ளின. கம்ப்யூட்டரும் பிரிண்டரும் தங்களுக்குள் பேசிக்கொள்வது அது, காகிதத்தில் வந்திருக்கக் கூடாது. மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்டு, மார்ச்சிலேயே திருத்தத்தையும் வெளியிட்டது. உங்கள் கம்ப்யூட்டரில் அப்டேட் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தால் ஒரு முறை ஓட விடுங்கள்.

காகிதம் வராமல் கரகரவென்று சத்தம் மட்டும் வந்தால் அது கோளாறே அல்ல. இங்க்ஜெட் பிரிண்டர் எழும்போது மை தெளிக்கும் தன் தலையைச் சுத்தம் செய்துகொள்ளும், அதற்கும் இங்க் செலவாகும். ஆகவே சுவர் சுவிட்சை நேரடியாக அணைக்காதீர்கள். பிரிண்டரில் இருக்கும் பட்டனை அழுத்தினால் தலை மூடிக்குள் போய் நிற்கும், மை காயாது. லேசர் பிரிண்டர் வேறு ஜாதி, சூடேறும்போது நிறைய கரண்ட் இழுக்கும். அதைச் சின்ன இன்வெர்ட்டரிலோ யூபிஎஸ்ஸிலோ மாட்டினால், எல்லாமே ஒன்றாக அணைந்துபோகலாம்.

வைஃபை பிரிண்டர் உள்ளவர்களுக்கு ஒன்று. கரண்ட் திரும்பியதும் ரௌட்டர் பிரிண்டருக்கு வேறு நெட்வொர்க் முகவரி கொடுத்துவிட்டால், கம்ப்யூட்டர் பழைய முகவரியில் தேடி 'ஆஃப்லைன்' என்று கைவிரிக்கும். முதலில் ரௌட்டர், அது நிலைக்கு வந்ததும் பிரிண்டர், கடைசியில் கம்ப்யூட்டர் என்று போட்டுப் பாருங்கள். அடிக்கடி நடந்தால், ரௌட்டர் செட்டிங்கில் பிரிண்டருக்கு ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிடலாம். வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருந்தால் அதனிடம் கொடுங்கள், ஐந்து நிமிட வேலை. வணக்கம்.