யோபு வாயை மூடவில்லை

(கொட்டாஞ்சேனையில் ஒரு தவக்கால மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

பின்னால் இருக்கிறவர்களுக்குக் கேட்கிறதா? சரி. மின்விசிறிச் சத்தம் அதிகம், அதை நிறுத்தினால் எல்லோரும் வெந்துபோவோம், அதனால் கொஞ்சம் உரக்கவே கதைக்கிறேன்.

பொறுமையைப் பற்றிப் பேசச் சொல்லிக் கூப்பிட்டார்கள். இந்தத் தலைப்பில் எனக்கு முதலே ஒரு கோபம் உண்டு, அதை இறக்கி வைத்துவிட்டுத் தொடங்குகிறேன். "பொறுமையாய் இரு" என்று நம் ஊரில் யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? குடித்துவிட்டு வந்து அடிக்கிற புருஷனை நினைத்து அழுகிற பெண்ணுக்கு மாமியார் சொல்வார். காணாமல் போன பிள்ளையைத் தேடி அலைகிற தாய்க்கு அதிகாரி சொல்வார். படுக்கையில் கிடக்கிறவருக்கு, திராட்சைப் பழத்தோடு பார்க்க வந்தவர் சொல்வார். தன் நிம்மதி கெடக்கூடாது என்பதற்காக அடுத்தவர் வாயை அடைக்கிறோம், அதற்குத் துணையாக வேதாகமத்தையும் இழுத்துக்கொள்கிறோம். யோபுவைப் பார், எவ்வளவு பொறுமை என்று.

யோபுவைத்தான் பாருங்களேன். நாம் மனதில் வைத்திருக்கிற யோபு, பிள்ளைகள், சொத்து, உடல்நலம் எல்லாம் போயும் கடவுளைக் குறை சொல்லாதவர், யோபு புத்தகத்தின் முதல் இரண்டு அதிகாரங்களோடு முடிந்துபோகிறார். மூன்றாம் அதிகாரத்தைத் திறந்தவுடனே மனுஷன் தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். அதற்குப் பிறகு ஒரே முறையீடுதான், ஏன் என்னைக் குறிவைத்தீர், என் வழக்கைக் கேளும், பதில் சொல்லும் என்று. அவருடைய மூன்று நண்பர்களும் ஏழு நாள் இரவும் பகலும் வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரைக்கும் நல்ல சிநேகிதர்கள்தான், பேசத் தொடங்கியதும்தான் எல்லாம் கெட்டது. நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், கடவுள் சும்மா தண்டிக்கமாட்டார் என்று ஆளுக்கொரு பிரசங்கம். கடைசியில் கடவுள் பேசுகிறார். யோபுவையும் கேள்விமேல் கேள்வி கேட்டு ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு, அந்த நண்பர்கள் பக்கம் திரும்பி, என் ஊழியன் யோபு பேசியதுபோல் நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்கிறார். கடவுளுக்காக வக்காலத்து வாங்கியவர்களுக்கு ஏச்சு, கடவுளோடு சண்டை பிடித்தவருக்கு நற்சான்று! இந்த யோபுவைத்தான் யாக்கோபு தன் திருமுகத்தில் மன உறுதிக்கு உதாரணமாகக் காட்டுகிறார். முறையிட்டார், ஆனால் அந்த முறைப்பாட்டை வேறு வாசலுக்குக் கொண்டுபோகவில்லை, கோபத்தையும் கடவுளிடமே கொட்டினார், அவ்வளவுதான் அவர் செய்தது.

லூக்கா 18ஆம் அதிகாரத்து விதவையும் இதே ரகம். கடவுளுக்கும் பயப்படாத, மனிதரையும் மதிக்காத நீதிபதியிடம் போய் எனக்கு நியாயம் வழங்கும் என்று திரும்பத் திரும்பக் கேட்டு அந்த ஆளை அலுக்கவைத்தே காரியம் சாதிக்கிறாள். மனம் தளராமல் செபிக்க வேண்டும் என்று சொல்வதற்கு இயேசு தேடிப் பிடித்த ஆள் அவள், கவனியுங்கள், கண்ணை மூடி அமைதியாய் உட்கார்ந்திருக்கிற ஒருத்தியை அவர் காட்டவில்லை.

நமக்கு இது தூரத்துக் கதை இல்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை, இங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் குண்டு வெடித்ததை நான் விவரிக்கத் தேவையில்லை. அதன் பிறகு மன்னிப்பைப் பற்றி நிறையப் பேசினோம், பேச வேண்டியதுதான். ஆனால் முன்கூட்டியே எச்சரிக்கை வந்திருந்தும் ஏன் தடுக்கவில்லை என்று கேட்டு வழக்குப் போட்டவர்களும் இருந்தார்கள். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் குண்டு வெடித்தபோது ஜனாதிபதியாக இருந்தவர் உட்படப் பல அதிகாரிகள் கடமை தவறினார்கள் என்று தீர்ப்பளித்து, அந்த ஜனாதிபதி தன் பங்குக்கு 100 மில்லியன் ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்றது. கிட்டத்தட்ட நான்கு வருடம். செவ்வாய்க்கிழமை நவநாள் வழிபாட்டில் அந்தோனியாரிடம் அழுவதும், பிறகு புதுக்கடைக்குப் போய் நீதிமன்ற வாசலில் நிற்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டும் ஒரே செபம்தான், என்னைக் கேட்டால்.

அப்புறம் இன்னொரு விஷயம். 2022இல் பெற்றோலுக்கும் காஸுக்கும் நாள் கணக்கில் வரிசையில் நின்றோமே, அதை நாம் பொறுமை என்று சொல்லமாட்டோம், வேறு வழியில்லை, நின்றோம். விசுவாசத்தில் நிலைத்திருப்பது அந்த மாதிரி நிற்பது கிடையாது. ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு கத்தோலிக்கக் குருக்களைத் துரத்திவிட்டார்கள், பூசை கிடையாது, பாவசங்கீர்த்தனம் கிடையாது, இது ஏறக்குறைய முப்பது வருடம். 1687இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகளார் பிச்சைக்கார வேடத்தில் வந்து இறங்குகிறார். யார் கத்தோலிக்கர் என்று எப்படித் தெரியும்? கழுத்தில் செபமாலையைத் தொங்கவிட்டுக்கொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டு, அதைப் பார்த்து யாருடைய முகம் மாறுகிறது என்று கவனித்திருக்கிறார். மாறியது! அடிகளாரைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், எனக்கோ அந்த முகங்கள்மேல்தான் ஆச்சரியம். குருவே இல்லாத முப்பது வருடத்தில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து கல்யாணமும் கட்டியிருக்கும், அந்தப் பிள்ளைகளுக்குக் குசினியில் வைத்து மந்திரம் சொல்லிக்கொடுத்த அம்மாக்கள், அம்மம்மாக்கள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் கிடையாது.

அடிகளாரும் சும்மா இருக்கவில்லை. கண்டியில் போர்த்துக்கேய உளவாளி என்று பிடித்துச் சிறையில் போட்டபோது, கிடைத்த நேரத்தில் சிங்களம் படித்தார். 1697இல் அங்கே அம்மை நோய் பரவி ஆட்கள் தங்கள் உறவுகளையே விட்டுவிட்டு ஓடியபோது கைவிடப்பட்டவர்களைக் கழுவிப் பராமரித்தார். 1711இல் கண்டியிலேயே இறந்தார், ஊருக்குத் திரும்பிப் போகவே இல்லை. 2015 ஜனவரியில் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது உங்களில் எத்தனையோ பேர் போயிருப்பீர்கள்.

"இதெல்லாம் பெரிய ஆட்கள், எனக்குச் செபமாலையில் மூன்றாவது பத்து வருமுன்பே மனம் எங்கோ ஓடிவிடுகிறது" என்கிறீர்களா? பெரிய புனிதையான அவிலா தெரேசம்மாள் கூட, சில வருடங்கள் செபத்தில் இருந்தபோது மணி எப்போது அடிக்கும் என்றுதான் காது கொடுத்துக்கொண்டிருந்தேன் என்று எழுதி வைத்திருக்கிறார். 1970இல் திருச்சபையின் மறைவல்லுநராக, அதாவது விசுவாசத்தில் எல்லோருக்கும் ஆசிரியராக, அறிவிக்கப்பட்டவர் அவர். மணி அடிக்கும்வரை எழுந்து போகவில்லை, அதுதான் விஷயம். ருசி இல்லாவிட்டாலும் உட்காருங்கள், கோபம் இருந்தால் கோபத்தோடு உட்காருங்கள், திருப்பாடல் 13ஐத் திறந்து "ஆண்டவரே, எத்தனை நாள்?" என்று கேளுங்கள், அந்தக் கேள்வியைக் கேட்க வேதமே நமக்கு இடம் கொடுத்திருக்கிறது. ஆனால் வீட்டில் அடி வாங்குகிறவர் யாராவது இங்கே இருந்தால், இன்று நான் சொன்னதை அடி வாங்கிக்கொண்டிருப்பதற்குக் காரணமாக எடுக்க வேண்டாம், கூட்டம் முடிந்ததும் நம்பிக்கையான ஒருவரிடம் கதையுங்கள்.

சரி, நேரமாகிவிட்டது. வெளியில் பிளேன்டீ வைத்திருக்கிறார்கள், கேள்வி இருக்கிறவர்கள் அங்கே வாருங்கள், நானும் வருகிறேன்.