ஒருவர் காணாமல் போனால், வீட்டில் மிஞ்சியவர்களுக்கு என்ன நடக்கிறது?

(திரையில்: வெள்ளவத்தை, காலி வீதி, காலை நேரம். பிறகு ஒரு படிவம் அருகில்.)

வணக்கம். பாடசாலை அனுமதிப் படிவம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தகப்பன் பெயர், தொழில், கையொப்பம். தகப்பன் இறந்திருந்தால் மரணச் சான்றிதழின் பிரதி கேட்பார்கள். வெளிநாட்டில் என்றால் ஒரு கடிதம். மூன்று வருடமாக ஆள் எங்கே என்றே தெரியாது என்றால்? அதை எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை. கவுண்டரில் இருப்பவர் நல்ல மனுசனாக இருந்தால், "ஏதாவது ஒன்றைப் போடுங்க அம்மா" என்பார். அந்த ஏதாவது ஒன்று என்ன என்பதில்தான் அந்தத் தாயின் பிரச்சினை முழுவதும் இருக்கிறது.

யார் கொண்டு போனார்கள், ஏன் கொண்டு போனார்கள் என்று பேசும் வீடியோக்கள் நிறைய உண்டு. இது வீட்டில் மிஞ்சியவர்களைப் பற்றியது. பதில் வராத ஒரு வழக்கு, அந்த வீட்டின் காசை, சொந்தபந்தத்தை, கோயில் கும்பிடுகிற முறையைக்கூட எப்படி மாற்றுகிறது என்று பார்ப்போம்.

எல்லாக் காணாமல் போதலும் ஒரே மாதிரி இல்லை. மறதி நோயோடு படலையைத் திறந்து நடந்துபோன தாத்தா இருக்கிறார். வீட்டில் சண்டை பிடித்துக்கொண்டு போன பிள்ளை, வளைகுடா நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போய்த் தொடர்பு அறுந்த அக்கா, இவர்களும் காணாமல் போனவர்கள்தான். ஆனால் கொழும்பில் தமிழ் வீடொன்றில் "காணாமல் போயிட்டார்" என்று சொன்னால், கேட்பவர் மனதில் முதலில் வருவது வேறு: யாரோ கொண்டுபோய்விட்டார்கள். அதனால்தான் போராடும் தாய்மார் "காணாமல் ஆக்கப்பட்டோர்" என்ற சொல்லை விட்டுக்கொடுப்பதில்லை.

(திரையில்: பழைய செய்தித்தாள் பக்கங்கள்.)

1980களின் கடைசியிலிருந்து இலங்கையில் 60,000 முதல் 100,000 பேர் வரை காணாமல் போயிருக்கலாம் என்பது சர்வதேச மன்னிப்புச் சபையின் கணிப்பு. வடக்கு, கிழக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். ஜேவிபி என்ற இடதுசாரிக் கட்சியின் கிளர்ச்சிக் காலத்தில் மாத்தறை, அம்பாந்தோட்டைப் பக்கமும் சிங்கள வீடுகளில் இதே கதைதான்.

கொழும்புத் தமிழருக்கு மறக்காத காலம் 2006 முதல் 2009 வரை. வெள்ளை வேனில் ஆட்களைக் கடத்திக்கொண்டுபோன காலம். அப்போது கடத்தல்களைப் பதிந்து வைப்பதற்கென்றே அரசியல்வாதிகளான மனோ கணேசனும் நடராஜா ரவிராஜும் சிறிதுங்க ஜயசூரியவும் மக்கள் கண்காணிப்புக் குழுவைத் தொடங்கினார்கள். அது 2006. அதே வருடம் நவம்பரில் ரவிராஜ் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். பெயர் பதிகிறவருக்கே அந்த நிலை என்றால், முறைப்பாடு கொடுக்கப் போன பெற்றோரின் பயம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு வழக்கைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். 2008, 2009இல் கொழும்பிலும் சுற்றுவட்டாரத்திலும் கடத்தப்பட்ட 11 இளைஞர்களின் வழக்கு. தெகிவளையில் ஒரே இரவில் கொண்டுபோகப்பட்ட மாணவர்களும் அதில் அடக்கம். கப்பத்துக்காகக் கடற்படையினர் சிலர் செய்தது என்பதுதான் குற்றச்சாட்டு. கொழும்புக் கோட்டையிலும் பிறகு திருகோணமலைக் கடற்படைத் தளத்திலும் அவர்கள் வைக்கப்பட்டிருந்தார்கள் என்று விசாரணையில் சொல்லப்பட்டது. யாருடையதோ தொலைபேசியை வாங்கி, தாயோடு ரகசியமாகப் பேசிய பிள்ளைகளும் உண்டு. குரல் கேட்டிருக்கிறது. பிறகு ஒருநாள் அந்தக் குரல் நின்றுவிட்டது.

இப்படிப்பட்ட தாயிடம் போய் "மகன் இல்லை என்று ஏற்றுக்கொள்ளுங்கோ" என்று யார் சொல்வது? 2021இல், அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவரான முன்னாள் கடற்படைத் தளபதிக்கு எதிரான குற்றச்சாட்டுகளைத் தொடரப்போவதில்லை என்று சட்டமா அதிபர் அறிவித்தார். பெற்றோர் அதை எதிர்த்தும் நீதிமன்றம் போனார்கள். பிள்ளையைத் தேடிப் போனவர்கள் வழக்கைக் காப்பாற்றவும் ஓட வேண்டியதாயிற்று.

புதுக்கடை நீதிமன்ற வளாகத்தில் இவர்களை அடையாளம் காண்பது லேசு. கையில் ஒரு பிளாஸ்டிக் பைல் இருக்கும். உள்ளே பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் கடிதம், செஞ்சிலுவைச் சங்கத்தின் துண்டு, ஓரம் மஞ்சளித்த கடவுச்சீட்டுப் படம். 1994இல் மூன்று வலய ஆணைக்குழுக்கள், 1998இல் அகில இலங்கை ஆணைக்குழு, 2010இல் நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் பரணகம ஆணைக்குழு, 2018இல் ஆணையாளர்கள் நியமிக்கப்பட்டு இயங்கத் தொடங்கிய காணாமல்போனோர் அலுவலகம். ஒவ்வொன்றிலும் புதிய இலக்கம், புதிய படிவம். ஒவ்வொன்றிலும் "முதலில இருந்து சொல்லுங்கோ அம்மா." அன்றைக்கு அவன் என்ன நிறச் சட்டை போட்டிருந்தான் என்பதை அந்த அம்மா இருபது தடவை சொல்லியிருப்பார். என்னைக் கேட்டால், விசாரணை என்ற பெயரில் நடந்த கொடுமைகளில் இதுவும் ஒன்று.

(திரையில்: பைலின் உள்பக்கம், பெயர்கள் மறைக்கப்பட்டு.)

சரி, மனதுக்குள் என்ன நடக்கிறது? அமெரிக்க ஆய்வாளர் பொலின் பொஸ், 1970களில் வியட்நாம் போரில் காணாமல் போன விமானிகளின் மனைவியரோடு பேசித் தன் ஆய்வைத் தொடங்கியவர். ஆள் இல்லை, ஆனால் ஆள் போய்விட்டார் என்ற உறுதியும் இல்லை. இந்த இழப்பு வேறு வகை என்றார் அவர். இதில் துக்கம் உறைந்து நின்றுவிடும். அது அந்தப் பெண்ணின் பலவீனமே கிடையாது, அவளை நிறுத்தி வைத்திருக்கும் சூழ்நிலைதான் அப்படிப்பட்டது என்பது அவர் வாதம்.

நம் வீடுகளில் இது எப்படித் தெரிகிறது என்றால், முதலில் பொட்டில். வைத்தால், "மனுசனைக் காணேல்லை, இவளுக்குப் பொட்டு ஒரு கேடா" என்று ஒரு வாய். வைக்காவிட்டால், "அவளே அவனைச் சாகடிச்சிட்டாள்" என்று மாமியார். அப்புறம் ஆடி அமாவாசை. தகப்பனை இழந்த ஆண்பிள்ளைகள் விரதம் இருந்து, கடலில் தர்ப்பணம் செய்கிற நாள். பன்னிரண்டு வயதுப் பையனைக் கடற்கரைக்குக் கூட்டிப்போவதா, இல்லையா? கூட்டிப்போனால் தகப்பன் செத்துவிட்டார் என்று அந்தக் குடும்பமே சொன்ன மாதிரி. போகாவிட்டால், ஒருவேளை அவர் உண்மையிலேயே போயிருந்தால், எள்ளும் தண்ணீரும் இல்லாமல் விட்ட பாவம். எந்த ஐயரும் இதற்குச் சுலபமாகப் பதில் சொல்லமாட்டார்.

வீட்டை மாற்றுவதும் அப்படித்தான். கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ வாடகை ஏறிவிட்டது, மலிவான இடத்துக்குப் போகலாம் என்றால், "அவன் வந்தால் இந்த விலாசத்துக்குத்தானே வருவான்." தொலைபேசி இலக்கம் மாறாது. ஒரு இலக்கத்தை உயிரோடு வைத்திருக்க மாதாமாதம் ரீலோட் போடும் தாய்மார் இருக்கிறார்கள்.

இந்த நம்பிக்கையைத் தின்று பிழைப்பவர்களும் உண்டு. "உங்கட மகன் இன்ன முகாமில இருக்கிறான், பார்த்தேன், மூன்று லட்சம் தந்தால் வெளியில எடுக்கலாம்" என்று வரும் அழைப்புகள். நகை அடகுக் கடைக்குப் போகும், காணி கைமாறும். காசு வாங்கினவரின் இலக்கம் பிறகு வேலை செய்யாது. சாத்திரி வேறு. "கிழக்குத் திசையில் உயிரோடு இருக்கிறார், நாற்பத்தெட்டு நாள் விளக்கு ஏற்றுங்கோ." சாத்திரியைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அரசாங்கம் ஒரு பதிலும் சொல்லாத இடத்தில், அந்த மனுசனாவது ஒரு திசையைக் காட்டுகிறார்.

(திரையில்: பிரதேச செயலகம் ஒன்றின் வரிசை.)

இப்போது சட்டம். 2010இல் தற்காலிக ஏற்பாடுகளோடு ஒரு மரணப் பதிவுச் சட்டம் வந்தது. மோதல் காரணமாக ஒருவர் காணாமல் போய் ஒரு வருடத்துக்கு மேல் தகவல் இல்லை, இறந்திருப்பார் என்று நம்பப்படுகிறது என்றால், மரணச் சான்றிதழ் எடுக்கலாம். வங்கிக் கணக்கு, ஓய்வூதியம், காணி உறுதி எல்லாம் அதோடு நகரும். "இறந்திட்டார் என்று எடுத்தால் எல்லாம் லேசு அம்மா" என்று கிராம சேவகர் சொல்வது அதனால்தான். ஆனால் அந்தத் தாளில் கையெழுத்து வைப்பது, தன் கையாலேயே வழக்கை மூடுவது போல என்று நிறையப் பேர் மறுத்தார்கள். சிலர் பிள்ளைகளின் படிப்புக்காக வாங்கிவிட்டு, மாமன் வீட்டிலும் சகலன் வீட்டிலும் வருடக்கணக்கில் ஏச்சு வாங்கினார்கள்.

2016இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. இறந்தார் என்று சொல்லாமல், காணாமல் போயிருக்கிறார் என்று மட்டும் அத்தாட்சிப்படுத்தும் சான்றிதழ் வந்தது. அதை வைத்து நிவாரணங்களுக்கு விண்ணப்பிக்கலாம், சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்க வழி தேடலாம். தாமதமாக வந்தாலும், இந்த விடயத்தில் அரசு செய்த உருப்படியான வேலை இது ஒன்றுதான் என்பேன். காசு கொடுக்கும் திட்டமும் வந்தது. 2022இல் ஒரு லட்சம் ரூபா என்று சொல்லி, பிறகு இரண்டு லட்சம் ஆக்கினார்கள். வடக்கில் பல தாய்மார் வேண்டாம் என்று தெருவிலேயே சொன்னார்கள். உண்மையைச் சொல்லாமல் காசைக் கொடுத்தால் அது வாயை அடைக்கத்தான் என்பது அவர்களின் வாதம். வாங்கியவர்களையும் நான் குறை சொல்லமாட்டேன். பதினைந்து வருட வட்டி யார் கட்டுவது?

நீதிமன்றமும் அலுவலகமும் கைவிட்ட பிறகு எங்கே போவது? கொழும்பில் அதற்கு ஒரு பதில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போனால், தொலைந்ததைத் தேடித் தருபவர் என்று எல்லா மதத்தவரும் அவரிடம் வருவதைப் பார்க்கலாம். இன்னும் கோபம் மிஞ்சியவர்கள் முகத்துவாரம் காளி கோயிலுக்குப் போவார்கள். 1992 ஜூன் 23, ஜனாதிபதி பிரேமதாசவின் பிறந்தநாள். அன்றுதான் தெற்கிலிருந்து வந்த அன்னையர் முன்னணிப் பெண்கள், பிள்ளைகளைக் கொண்டுபோனவர்களைச் சபித்து அங்கே தேங்காய் உடைத்தார்கள். முப்பது வருடம் கழித்து, 2022 ஜனவரியில், அதே கோயிலில் சந்தியா எக்னெலிகொட தலையை மழித்தார். 2010 ஜனவரி 24இல் காணாமல் போன கேலிச்சித்திரக்காரரும் பத்திரிகையாளருமான பிரகீத்தின் மனைவி. சிங்களத் தாய்மார் தமிழ்க் கோயிலில் வந்து நியாயம் கேட்கிறார்கள். சீதுவ, ரத்தொலுவச் சந்தியில் காணாமல் போனோருக்கான நினைவுச்சின்னம் இருக்கிறது. ஒவ்வொரு ஒக்டோபர் 27ஆம் திகதியும் அங்கே கூடும் குடும்பங்களில் தெற்கத்தியவர்களும் வடக்கத்தியவர்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். மேடையில் பேசப்படும் நல்லிணக்கத்தைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை.

கடைசியாக எலும்புகள். 2024இல் கொழும்புத் துறைமுகத்துக்கான வீதி வேலையின்போது பழைய தலைமைச் செயலக வளவில் மனித எச்சங்கள் வெளிவந்தன. 2025 ஓகஸ்ட் 5இல் யாழ்ப்பாணம் செம்மணி மனிதப் புதைகுழியில் கிடைத்த துணிமணிகளையும் பொருட்களையும், யாராவது அடையாளம் காட்டுவார்களா என்று நீதிமன்ற உத்தரவில் மக்களுக்குக் காட்டினார்கள். ஒவ்வொரு தோண்டலின்போதும் குடும்பங்களுக்கு இரண்டு பயம். அவன் அங்கே இருப்பானோ என்று ஒன்று. அங்கேயும் இல்லையோ என்று மற்றது. 2018இல் மன்னார் சதொச வளவில் முன்னூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டு, பரிசோதனைக்கு அனுப்பிய மாதிரிகள் பல நூற்றாண்டு பழையவை என்று முடிவு வந்தபோது, அழுதவர்களில் சிலருக்கு அது நிம்மதியா ஏமாற்றமா என்றே தெரியவில்லை. எலும்புக்குப் பெயர் வைக்க உறவினரின் மரபணு மாதிரி வேண்டும். போராட்டப் பந்தலிலேயே தாய்மார் ஒவ்வொருவராக இறந்துகொண்டிருக்கிறார்கள். மாதிரி எடுக்கத் தாமதிப்பதும் ஒரு வகையில் வழக்கை மூடுவதுதான்.

(திரையில்: இலக்கங்கள் பெரிதாக.)

உங்கள் வீட்டில் யாரையாவது காணவில்லை என்றால், ஒருநாள் பொறுத்துப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். உடனே பொலிஸுக்குப் போய் முறைப்பாட்டின் இலக்கத்தையும் திகதியையும் எழுதி வாங்குங்கள். சிறுவர் என்றால் 1929. பொலிஸ் ஏற்க மறுத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996. யாராவது கொண்டுபோனதைக் கண்டிருந்தால், மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட சட்டத்தரணியிடம் பேசுங்கள். கடைசியாகப் பேசிய தொலைபேசியை அழிக்கவோ மாற்றவோ வேண்டாம். அப்புறம், எந்த ஆணைக்குழு கேட்டாலும் மூலப்பிரதியைக் கொடுக்காதீர்கள். ஒளிப்பிரதி போதும், அதையும் கையொப்பம் வாங்கிக்கொண்டு கொடுங்கள்.