தாரோடு பாலிமர் கலக்கிறதா, கட்டிக்கொள்கிறதா?

போன பதிவைப் பார்த்த நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "சாலைத் தாரில் பாலிமரைக் கலந்தால் நாளடைவில் எண்ணெய், தண்ணீர் போலப் பிரிந்துவிடாதா? வினைபுரியும் பாலிமர் என்றீர்களே, அதில் என்ன விசேஷம்?" இரண்டு நாளாக இந்தக் கேள்வி மனதிலேயே சுற்றுகிறது.

பிரியலாம். கலப்பது வேறு, ரசாயனமாகப் பிணைத்துக் கட்டுவது வேறு என்று முன்பும் சொல்லியிருக்கிறேன். எஸ்.பி.எஸ். என்ற ரப்பர் வகைப் பாலிமரின் முனைகள் ஒன்றையொன்று பற்றி வலை போடும். ஆனால் தாரின் மூலக்கூறோடு அதற்கு ரசாயனக் கட்டு கிடையாது. (கந்தகம் சேர்த்தால் நிலைமை மாறும், அது தனிக்கதை.) சூடான தொட்டியில் கிளறாமல் விட்டால் மேலே ஒதுங்கும். இதற்கென்றே ஒரு சோதனை உண்டு. அலுமினியக் குழாயில் தாரை ஊற்றி, 163 டிகிரியில் 48 மணி நேரம் செங்குத்தாக நிறுத்தி, குளிரவைத்து மூன்றாக வெட்டுவார்கள். ஒருமுறை அந்தத் துண்டுகளைக் கையில் வாங்கிப் பார்த்தேன். மேல்துண்டு ரப்பராக இழுபட்டது. கீழ்த்துண்டு வெறும் தார்.

வினைபுரியும் பாலிமர் என்று நான் சொன்னது எல்வலாய் போன்றதை. அதில் எபாக்சி வளையங்கள் இருக்கின்றன. வீட்டில் உடைந்ததை ஒட்டும் அரால்டைட்டில் இருப்பதும் இதே வளையம்தான். இரண்டு கார்பன், ஒரு ஆக்சிஜன், இறுக்கிப் பிடித்த முக்கோணம். எப்போது திறப்போம் என்று காத்திருக்கும். தாரின் கனமான மூலக்கூறுகளான அஸ்பால்ட்டீனில் உள்ள கார்பாக்சிலிக் அமிலம் பக்கத்தில் வந்தால் திறந்து, எஸ்டர் பிணைப்பாகப் பிடித்துக்கொள்ளும். ஒரே சங்கிலியில் பல வளையங்கள் இருப்பதால் பல அஸ்பால்ட்டீன்கள் மாட்டும். இதுதான் கட்டுவது! வெயிலில் லாரிச் சக்கரம் பள்ளம் போடாமல் சாலை தாங்குவதும் இந்தக் கட்டால்தான்.

அளவு 1 முதல் 2 சதவீதம் போதும். உறைமோர் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்: கொஞ்சம்தான் ஊற்றுகிறோம், பால் முழுதும் மாறுகிறது, திரும்பப் பாலாகாது. வினையை விரைவாக்கத் துளி பாலிபாஸ்பாரிக் அமிலம் சேர்ப்பதுண்டு. இவற்றின் அளவு மீறினால் தார் கட்டியாகிவிடும், பம்பு இழுக்காது. ஓர் ஆலையில் அப்படி இறுகிய தாரைச் சுரண்டி எடுத்ததைப் பார்த்திருக்கிறேன், பரிதாபமாக இருந்தது.

சரி, யாராவது கேட்க வேண்டும் என்று நான் காத்திருக்கும் கேள்வி இது: எல்லாத் தாருக்கும் இது ஒத்துவருமா? வராது. தார் எடுத்த கச்சா எண்ணெய் எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்து அஸ்பால்ட்டீனும் அமிலமும் கூடும், குறையும். பிடித்துக்கொள்ள ஆள் குறைந்தால் வலை தளரும். தரச்சான்று ஒன்றாகவே இருந்தாலும் ஒரு தார் இறுகும், இன்னொன்று அப்படியே கிடக்கும். அதனால் புது லோடு வந்தால், தொட்டியில் இறக்குவதற்கு முன் ஒரு லிட்டர் டப்பாவில் பாலிமரோடு போட்டுச் சமைத்துப் பாருங்கள்.